ஒரு வாக்கியத்தின் எடை

வழக்கமாக இந்தப் பக்கத்தில் ஒரு புத்தகமோ சினிமாவோ மாட்டிக்கொள்ளும். இந்த வாரம் மாட்டியிருப்பது ஒரே ஒரு வாக்கியம்.

'குண்டான பெண்களுக்குச் சினைப்பைப் புற்றுநோய் வரும் அபாயம் அதிகம்.'

ஏழே சொற்கள். நீங்களும் படித்திருப்பீர்கள். வருஷத்துக்கு இரண்டு தடவையாவது பேப்பரின் உள்பக்கத்திலோ, மகளிர் இணைப்பிலோ, பெரியம்மா போனில் அனுப்பும் குட்மார்னிங் படங்களுக்கு நடுவிலோ வந்துவிடுகிறது. கூடவே ஒரு படம். இடுப்பில் இஞ்ச் டேப் சுற்றிய பெண். கழுத்துக்குக் கீழேதான் இருப்பார், தலை இருக்காது. அடியில் 'ஆய்வில் தகவல்' என்று ஒரு முத்திரை.

வாக்கியம் பொய்யா? பொய்யில்லை. பொய்யாக இருந்தால் ஒரு வரி மறுப்போடு வேலை முடிந்துவிடும். உண்மையாகவும் இருந்துகொண்டு, படிக்கிறவரைத் தப்பான திசையில் அனுப்பிவைக்கிற வாக்கியங்கள்தான் பேஜார். அதனால் இதைச் சொல் சொல்லாகப் பிரித்துப் பார்த்துவிடலாம்.

கடைசிச் சொல்லில் இருந்து ஆரம்பிப்போம். 'அதிகம்.'

காய்கறிக்காரர் "தக்காளி இன்னிக்கு ரேட்டு அதிகம்மா" என்றால், "எவ்வளவுப்பா?" என்று கேட்காமல் பையை நீட்டுகிற பெண்மணி உலகத்தில் கிடையாது. புற்றுநோய் விஷயத்தில் மட்டும் 'அதிகம்' என்றதும் பயந்துபோய் வாங்கிக்கொள்கிறோம்.

எவ்வளவு அதிகம் என்பதற்குக் கணக்கு இருக்கிறது. 2012-ல் 'பிளாஸ் மெடிசின்' என்ற மருத்துவ இதழில் வந்தது. 14 நாடுகளில் நடந்த 47 ஆய்வுகளை ஒன்றாகச் சேர்த்தார்கள். நோய் வந்த பெண்கள் 25,157 பேர், வராத பெண்கள் 81,311 பேர். கிடைத்த முடிவு இது: மாதவிலக்கு நின்றபின் தருகிற ஹார்மோன் மாத்திரைகளை எடுத்துக்கொள்ளாத பெண்களுக்கு, பி.எம்.ஐ. ஒவ்வொரு 5 புள்ளி கூடும்போதும் அபாயம் சுமார் 10 சதவிகிதம் கூடுகிறது. மாத்திரை எடுத்துக்கொண்டவர்களிடம் எடைக்கும் நோய்க்கும் இப்படி ஒரு தொடர்பு தெரியவில்லை.

பி.எம்.ஐ. என்பது எடையைக் கிலோவில் எடுத்து, மீட்டரில் உள்ள உயரத்தால் இரண்டு முறை வகுத்தால் வருவது. 155 சென்டிமீட்டர் உயரமுள்ள ஒரு பெண் 60 கிலோ இருந்தால் பி.எம்.ஐ. 25. அதே பெண் 72 கிலோ ஆனால் 30. ஆக, 12 கிலோ ஏறினால் அபாயம் 10 சதவிகிதம் ஏறும்.

10 சதவிகிதம் என்றதும் நூறு பேரில் பத்துப் பேருக்கு வரும் என்றுதான் நம் மனசு கணக்குப் போடுகிறது. அங்கேதான் தப்பு. அமெரிக்கக் கணக்கில் ஒரு பெண்ணின் ஆயுள் முழுக்கச் சேர்த்தே சினைப்பைப் புற்றுநோய்க்கான வாய்ப்பு தொண்ணூறு பேரில் ஒருவருக்குத்தான். ஆயிரம் பேரில் பதினோரு பேர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் 10 சதவிகிதம் கூடினால் பன்னிரண்டு. இந்தியாவில் இந்த ஆரம்ப எண்ணிக்கையே இதைவிடக் குறைவு.

"அந்தப் பன்னிரண்டாவது ஆள் உன் வீட்டுப் பொம்பளையா இருந்தா இப்படிக் கணக்கு பேசுவியா?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. ஒரு உயிர் ஒரு உயிர்தான். அதனால்தான் நானும் கேட்கிறேன்: மீதிப் பதினோரு பேரும் அதே மாதிரி ஒரு வீட்டுப் பெண்கள்தானே? எடை ஏறாமலே நோய் வரப்போகிற அவர்களைப் பற்றி இந்த வாக்கியம் ஏன் வாயே திறக்கவில்லை?

இன்னொரு வேடிக்கை. அதே 2012 ஆய்வில், உயரம் ஒவ்வொரு 5 சென்டிமீட்டர் கூடும்போதும் அபாயம் 7 சதவிகிதம் கூடுகிறது என்றும் இருந்தது. 'உயரமான பெண்களே உஷார்' என்று தலைப்புப் போட்டு எங்கேயாவது பார்த்திருக்கிறீர்களா? உயரத்தைக் குறைக்கச் சொல்லி யாருக்கும் புத்திமதி சொல்ல முடியாது. பவுடரும் பெல்ட்டும் விற்க முடியாது. "பனைமரம் மாதிரி வளர்ந்து வெச்சிருக்கே, எல்லாம் உன் தப்புதான்" என்று குற்றம் சுமத்த முடியாது. எடை விஷயத்தில் இந்த மூன்றும் முடிகிறது.

அடுத்து, 'சினைப்பைப் புற்றுநோய்.' ஓவரி கேன்சர் என்று ஒரே பெயர் சொன்னாலும் இது ஒரே நோய் இல்லை. பல வகை. அதில் அதிகம் பேருக்கு வருவதும், அதிகம் பேரைக் கொல்வதும் 'ஹை கிரேடு சீரஸ்' என்ற வகை. பெயர்தான் சினைப்பைப் புற்றுநோய்; பெரும்பாலும் அது ஆரம்பிப்பது கருக்குழாயின் நுனியில் என்பதுதான் இன்றைக்கு ஏற்றுக்கொள்ளப்பட்ட கருத்து. 2013-ல் வெளிவந்த ஒரு பெரிய சர்வதேசக் கூட்டாய்வு உடல் பருமனை வகைவாரியாகப் பிரித்துப் பார்த்தது. அபூர்வமான சில வகைகளுக்குப் பருமனோடு தொடர்பு இருந்தது. ஆளைக் கொல்கிற இந்த முக்கிய வகைக்குத் தொடர்பு தெரியவில்லை.

இதன் அர்த்தம் என்ன? ஒல்லியாக இருக்கிற பெண் இந்த வாக்கியத்தைப் படித்துவிட்டு, "அப்பாடா, நமக்கில்லை" என்று பக்கத்தைப் புரட்டினால், அவர் ஏமாந்துபோகிறார்.

ஏனென்றால் நிஜமாகவே பெரிய அபாயம் உள்ளவர்கள் வேறு. பி.ஆர்.சி.ஏ.-1 என்ற மரபணுவில் பழுது இருந்தால், 80 வயதுக்குள் நூறு பேரில் சுமார் 44 பேருக்குச் சினைப்பைப் புற்றுநோய் வருகிறது. பி.ஆர்.சி.ஏ.-2 என்றால் சுமார் 17 பேர். இது 2017-ல் வந்த கணக்கு. மேலே பார்த்த பதினொன்று, பன்னிரண்டை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அதுவும் ஆயிரத்துக்கு; இது நூற்றுக்கு! இந்தப் பழுது குண்டு, ஒல்லி பார்த்து வருவதில்லை. அம்மா, சித்தி, பாட்டி வழியாகத்தான் வரும் என்றும் இல்லை. அப்பா வழியாகவும் வரும். அத்தைக்கு ஐம்பதுக்குள் மார்பகப் புற்றுநோய் வந்தது என்றால், அதை 'அது அவங்க பக்கம்' என்று தள்ளாமல் டாக்டரிடம் சொல்ல வேண்டும். நம் வீடுகளில் இதைச் சம்பந்தம் பேசுவதற்கு ஆகாது என்று மூடி வைப்பதுதான் வழக்கம். மகள்களுக்கே தெரியாமல் போய்விடுகிறது.

அபாயத்தைக் குறைக்கிற விஷயங்களும் உண்டு. பிள்ளை பெறுவது, தாய்ப்பால் கொடுப்பது, கருத்தடை மாத்திரை, பெண்களுக்கான குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் எல்லாமே இந்த நோயின் வாய்ப்பை ஓரளவு குறைப்பதாகத் திரும்பத் திரும்பத் தெரியவந்திருக்கிறது. இதற்காக யாரும் போய் ஆபரேஷன் செய்துகொள்ள வேண்டாம். ஏற்கெனவே செய்துகொண்ட லட்சக்கணக்கான பெண்களிடம் இந்த நல்ல செய்தியை ஏன் யாரும் சொல்வதில்லை என்பதுதான் என் கேள்வி.

சரி, எடையே பொருட்டில்லையா? அப்படிச் சொன்னால் நானும் ஒரு மோசமான வாக்கியம் எழுதியவன் ஆவேன். 2016-ல் உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வுப் பிரிவு, உடல் பருமனோடு தொடர்பு உறுதியான 13 புற்றுநோய்களைப் பட்டியலிட்டது. சினைப்பையும் அதில் இருக்கிறது, சுமார் பத்து சதவிகிதக் கூடுதலோடு. ஆனால் அதே பட்டியலில் கர்ப்பப்பையின் உள்சுவர்ப் புற்றுநோயைப் பாருங்கள். பி.எம்.ஐ. 40-ஐத் தாண்டிய பெண்களுக்கு அபாயம் சுமார் ஏழு மடங்கு! மாதவிலக்கு நின்றபிறகு கொழுப்புத் திசுவே ஈஸ்ட்ரோஜன் ஹார்மோனைத் தயாரிக்க ஆரம்பிக்கிறது. அது கர்ப்பப்பையின் உள்சுவரைச் சும்மா இருக்கவிடாமல் தூண்டிக்கொண்டே இருக்கிறது. பெரிய தலைப்புக்குத் தகுதியான விஷயம் இதுதான். இதற்கு அடையாளமும் எளிது. மாதவிலக்கு நின்று ஒரு வருஷத்துக்குமேல் ஆனபின் துளி ரத்தம் பட்டாலும் டாக்டரிடம் போக வேண்டும். இது தெரிந்தால் ஒரு பெண் பிழைத்துக்கொள்வார். 'குண்டானவர்களுக்கு ஆபத்து' என்பது தெரிந்து என்ன செய்வார்? ராத்திரி இரண்டு இட்லி குறைத்துச் சாப்பிட்டுவிட்டு, தூக்கம் வராமல் புரள்வார்.

இப்போது முதல் சொல். 'குண்டான.'

தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, பி.எம்.ஐ. 25-ஐத் தொட்ட அல்லது தாண்டிய பெண்கள் தமிழ்நாட்டில் 2015-16-ல் 30.9 சதவிகிதம். 2019-21-ல் 40.4 சதவிகிதம். பத்துப் பெண்களில் நாலு பேர்! ஆக, 'குண்டான பெண்கள்' என்பது யாரோ தூரத்தில் இருக்கிற கூட்டம் இல்லை. இந்தப் பக்கத்தைப் படிக்கிறவர்களில் பாதிப்பேர். சினிமாவில் ஒரு பருமனான பெண் நடந்து வந்தாலே பின்னணியில் யானை பிளிறுகிற சத்தம் வைத்துச் சிரிக்கப் பழகிய ஊர் நம்முடையது. அந்தப் பார்வை ஆஸ்பத்திரி வாசலோடு நின்றுவிடும் என்று நம்ப எனக்குத் தைரியமில்லை. முழங்கால் வலி என்று போனால், "வெயிட்டைக் குறைங்கம்மா." மூச்சு வாங்குகிறது என்றால், "வெயிட்டைக் குறைங்கம்மா." வயிறு உப்புசம் என்றாலும் அதேதான். முதல் இரண்டில் அது சரியான வைத்தியமாக இருக்கலாம். மூன்றாவதில் அது உயிருக்கே உலை வைத்துவிடும்.

இந்த இடத்தில் ஒரு விஞ்ஞானியின் கதை. ரோஸலிண்ட் ஃப்ராங்க்ளின். டி.என்.ஏ.வின் வடிவத்தைக் கண்டுபிடிக்க உதவிய எக்ஸ்ரே படம் இவருடைய ஆய்வகத்தில் எடுக்கப்பட்டது. 1956-ல் வேலையாக அமெரிக்கா போயிருந்தபோது, ஒருநாள் ஸ்கர்ட்டின் ஜிப்பை மேலே இழுக்க முடியவில்லை. வயிறு பெருத்திருந்தது. வயது 36, ஒல்லியான உடம்பு. லண்டன் திரும்பியதும் டாக்டரிடம் போனார். டாக்டரின் முதல் சந்தேகம், கர்ப்பமோ என்பது. இல்லை என்றானதும் அவசரம் என்று குறித்து அனுப்பினார்கள். அந்த செப்டம்பரிலேயே ஆபரேஷன். வயிற்றில் இரண்டு கட்டிகள். 1958 ஏப்ரலில், 37 வயதில் இறந்துபோனார். நாலு வருஷம் கழித்து, 1962-ல், டி.என்.ஏ. ஆராய்ச்சிக்காக மூன்று ஆண்களுக்கு நோபல் பரிசு கிடைத்தது.

அந்த ஜிப்பைக் கவனியுங்கள். ஒல்லியான பெண் என்பதால் வயிறு பெருத்தது துருத்திக்கொண்டு தெரிந்தது. ஜிப் போட்ட ஸ்கர்ட் என்பதால் உடையே காட்டிக்கொடுத்தது. நம் வீட்டு அம்மாவும் அத்தையும் உடுத்துவது என்ன? பகலில் புடவை, உள்ளே நாடா போட்ட பாவாடை. மற்ற நேரம் நைட்டி. நாடா எத்தனை இஞ்ச் வேண்டுமானாலும் விட்டுக்கொடுக்கும். நைட்டி எதையும் சொல்லாது. ஏற்கெனவே தொப்பை இருக்கிற பெண் என்றால் கேட்கவே வேண்டாம்.

"வயிறு ஒரு மாதிரி உப்புசமாவே இருக்கும்மா."

"நேத்து சுண்டல் சாப்பிட்டீங்கள்ல அத்தை, வாய்வாத்தான் இருக்கும். ஓமத்தண்ணி வெச்சுத் தரேன்."

இதில் மருமகள்மேல் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது தடவை அது வாய்வாகத்தான் இருக்கும். ஆனால் அந்த உரையாடல் மூன்று வாரமாக, இரண்டு மாதமாகத் தொடர்ந்தால்? பருமன் செய்கிற நிஜமான கெடுதல் இங்கேதான் என்று எனக்குத் தோன்றுகிறது. நோயை வரவழைப்பதில் அதன் பங்கு கொஞ்சம். வந்த நோயைப் போர்த்தி மறைப்பதில் அதற்கு உதவ நாம் எல்லோரும் இருக்கிறோம்.

கடைசியாக, 'வரும்.' இந்த வாக்கியத்துக்கு நோய் வருவது மட்டும்தான் தெரியும். வந்தபின் என்ன என்பது தெரியாது. உலகப் புற்றுநோய்க் கணக்குப்படி இந்தியாவில் 2022-ல் சினைப்பைப் புற்றுநோய் புதிதாக வந்தவர்கள் சுமார் 47,000 பேர். அந்த வருஷம் அதனால் இறந்தவர்கள் 32,000-க்கு மேல். இத்தனை பேர் இறப்பதற்குப் பெரிய காரணம், நோய் முற்றிய பிறகு கண்டுபிடிக்கப்படுவது. அமெரிக்கக் கணக்கில், நோய் சினைப்பையைத் தாண்டுமுன் கண்டுபிடித்தால் ஐந்து வருஷத்துக்குமேல் பிழைத்திருப்பவர்கள் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல். உடம்பில் தூரத்துக்குப் பரவியபின் என்றால் முப்பது பேர்தான், கொஞ்சம் முன்னே பின்னே.

"அப்போ எல்லாருமே வருஷா வருஷம் டெஸ்ட் பண்ணிட்டா என்ன?" பிரிட்டனில் அதையும் செய்து பார்த்துவிட்டார்கள். 2001-லிருந்து 2005-க்குள் இரண்டு லட்சத்துக்கு மேற்பட்ட, எந்தத் தொந்தரவும் இல்லாத பெண்களைச் சேர்த்து, ஒரு பகுதியினருக்கு ஆண்டுதோறும் ரத்தப் பரிசோதனை அல்லது ஸ்கேன் எடுத்தார்கள். 2021-ல் முடிவு வெளியானது. பரிசோதனை செய்துகொண்டவர்களிடம் சாவு எண்ணிக்கை குறையவில்லை. ஆகவே 'மாஸ்டர் ஹெல்த் செக்கப்பில் எல்லாம் நார்மல்' என்ற தாளையும் இந்த விஷயத்தில் நம்பிக்கொண்டிருக்க முடியாது.

மிச்சம் இருப்பது, உடம்பு சொல்வதைக் கேட்பது. 2007-ல் அமெரிக்க டாக்டர் பார்பரா காஃப் குழுவினர் நாலு அறிகுறிகளைப் பொறுக்கி எடுத்தார்கள். வயிறு உப்புசம் அல்லது வயிறு பெருத்துக்கொண்டே போவது. வயிற்றிலோ இடுப்புக்கூட்டிலோ வலி. நாலு வாய் சாப்பிட்டதுமே வயிறு நிறைந்துவிடுவது. அடிக்கடி, அவசரமாகச் சிறுநீர். இதெல்லாம் எல்லோருக்கும் எப்போதாவது வருவதுதான். கவனிக்க வேண்டியது, புதிதாக வந்ததா என்பதும் எத்தனை நாள் இருக்கிறது என்பதும். இந்த ஒரு வருஷத்துக்குள் புதிதாக ஆரம்பித்து, மாதத்தில் 12 நாளுக்குமேல் இருந்தால் விட்டுவிடக் கூடாது. பிரிட்டனின் 2011 வழிகாட்டுதலும் இப்படித் தொடரும் தொந்தரவு உள்ள பெண்களுக்கு, முக்கியமாக ஐம்பது தாண்டியவர்களுக்கு, சி.ஏ. 125 என்ற ரத்தப் பரிசோதனையும் அது கூடுதலாக இருந்தால் ஸ்கேனும் எடுக்கச் சொல்கிறது.

எடை மிஷினை இதில் நம்ப வேண்டாம். வயிற்றில் நீர் சேரும்போதே கையும் முகமும் வற்றிக்கொண்டு வரலாம். மிஷின் முள் அதே இடத்தில் நிற்கும். 'வெயிட் ஏறலை' என்று நிம்மதியாக இருப்போம். பாவாடை நாடாவில் வழக்கமாக முடிச்சு விழும் இடம் தள்ளிப்போகிறதா என்று பார்ப்பது அதைவிட மேல்.

சிகிச்சையிலும் எடை குறுக்கே வருகிறது. கீமோதெரபி மருந்தின் அளவை உடம்பின் அளவை வைத்துத்தான் கணக்கிடுகிறார்கள். பருமனான நோயாளிக்குக் கணக்கு பெரிதாக வந்ததும் பயந்துபோய்க் குறைத்துக் கொடுப்பது பல நாடுகளில் வழக்கமாக இருந்தது. அப்படிக் குறைக்காமல் நிஜ எடைக்கு உரிய முழு அளவு கொடுங்கள் என்று அமெரிக்கப் புற்றுநோய் மருத்துவர் சங்கம் 2012-லேயே சொன்னது. 2015-ல் சினைப்பைப் புற்றுநோயாளிகளைப் பற்றி வந்த ஓர் ஆய்வில், பருமனான பெண்களுக்கு மருந்து குறைவாகப் போயிருந்தது. மருந்து குறைந்தவர்கள் பிழைத்திருந்த காலமும் குறைந்திருந்தது. கீமோ நடக்கிற வீட்டில், "என் எடைக்கு உரிய முழு டோஸ்தானா டாக்டர்?" என்று கேட்பது அதிகப்பிரசங்கித்தனம் இல்லை.

எடையைக் குறையுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. சர்க்கரைக்காக, இதயத்துக்காக, கர்ப்பப்பைக்காக, முழங்காலுக்காகக் குறையுங்கள். ஆனால் 'குறைத்துவிட்டேன், இனிமேல் சினைப்பைப் பயம் இல்லை' என்றோ, 'குறைக்கவில்லை, அதனால் எனக்கு வந்தது' என்றோ எந்தப் பெண்ணும் நினைக்க வேண்டியதில்லை. நோயோடு படுத்திருக்கிற பெண்ணிடம் போய், "அப்பவே வாக்கிங் போன்னு சொன்னேன்" என்று ஆரஞ்சுப் பழத்தோடு ஒரு குத்தும் கொடுத்துவிட்டு வருகிற உறவினர்களுக்கு அந்தத் தைரியம் கொடுத்தது இந்த ஏழு சொல் வாக்கியம்தான்.

விமர்சனம் பண்ணினால் போதுமா, நீ எழுதிக் காட்டு என்பீர்கள். இதோ:

'குண்டோ ஒல்லியோ, எந்தப் பெண்ணுக்கும் வயிறு உப்புசம், அடிவயிற்று வலி, கொஞ்சம் சாப்பிட்டதுமே நிறைவது, அடிக்கடி சிறுநீர் என்று ஏதாவது ஒன்று புதிதாக வந்து மாதத்தில் பாதி நாள் தொடர்ந்தால், வாய்வு, தொப்பை என்று தள்ளாமல் சினைப்பையைச் சோதிக்கச் சொல்லிக் கேளுங்கள். குடும்பத்தில் இரண்டு பக்கமும் யாருக்கெல்லாம் புற்றுநோய் வந்தது என்பதையும் சொல்லுங்கள்.'

இவ்வளவு நீளத்துக்கு இடமில்லை என்பார் பக்கம் போடுகிறவர். அந்தத் தலையில்லாத பெண்ணின் இஞ்ச் டேப் படத்தை எடுத்துவிட்டால் இடம் இருக்கும்.